பலர்கள் பூத்தன

ஞாயிறு, மதியம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். இங்கே நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். எங்கள் வயதில் அதற்குப் பெயர்தான் நலம். நீயும் அங்கே குளிருக்குப் பழகி, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதம் அம்மாவின் உத்தரவு. "போன்ல அவ வந்தா நீங்க 'சாப்பிட்டியா'ங்கறீங்க, அவ 'சாப்பிட்டேன்'ங்கறா, உடனே போனை என் கையில திணிச்சிட்டு ஓடறீங்க. பேசத்தான் வரல, எழுதவாவது செய்யுங்க. ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் அதைத்தானே சொல்லிக் குடுக்கறீங்க" என்று போன வாரம் ஒரு பிடி பிடித்துவிட்டாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். உட்கார்ந்துவிட்டேன்.

நமக்குள் கடிதம் நின்று ஏழு வருஷம் ஆகிறது. நீ படிப்பை விட்டதை மூன்று மாதம் மறைத்தாய். நான் விடுதி வாசலில் நாலு பேர் கேட்கக் கத்தினேன். இரண்டும் நடந்து முடிந்தவை; கிளற எனக்கும் தெம்பில்லை. வீட்டுக் கதை, பள்ளிக் கதை மட்டும் எழுதுகிறேன்.

வீட்டுக் கதை பெரிதாக ஒன்றுமில்லை. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. குழாய்க்காரர் வந்து பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, நாளை வருகிறேன் என்று போனார். அவருடைய நாளை இன்னும் விடியவில்லை. அம்மாவுக்கு இடது முழங்கால் வீங்கி வீங்கி வடிகிறது. மருத்துவர் அறுவை செய்துவிடலாம் என்கிறார். இவள் பார்க்கலாம், பார்க்கலாம் என்கிறாள். யாரைப் பார்க்கக் காத்திருக்கிறாள் என்று கேட்டேன், அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதம். இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பின் மூன்று பிரிவுகளும் என் தலையில் விழுந்திருக்கின்றன. நாற்பத்து மூன்று, நாற்பத்து ஒன்று, நாற்பத்தைந்து. ஆக நூற்றிருபத்தொன்பது நோட்டுகள். வாரம் ஒரு கட்டுரை, ஒரு சொல்வதெழுதுதல். அவர்கள் வாராவாரம் எழுத, நான் வாராவாரம் திருத்த, யாருக்கும் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. சிவப்பு மை மட்டும் தீர்கிறது.

ஆனாலும் வருஷ ஆரம்பத்தில் எனக்கு ஓர் ஆசை வந்தது. போகிற காலத்தில் ஒரு வகுப்பையாவது சொந்தமாக எழுத வைத்துவிட்டுப் போகலாமே என்று. கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போட்டேன்: 'உண்மையை எழுதுங்கள். நான் ஒருவன்தான் படிப்பேன்.' தலைப்பு, எனக்குப் பிடித்த இடம். என்ன வந்தது என்று கேள். முதல் முப்பது நோட்டில் இருபத்தேழு நூலகம். எல்லா நூலகத்திலும் அதே 'அறிவுப் பெட்டகம்', அதே 'அமைதி தவழும் சூழல்'. கடையில் விற்கிற கட்டுரைப் புத்தகத்தின் பதினெட்டாம் பக்கம், வரி பிசகாமல். இவர்களில் பாதிப் பேர் நூலக வாசலை மிதித்திருக்க மாட்டார்கள். அதற்கு மேல் என் கண் ஒரு பக்கம் ஓடியது, கை ஒரு பக்கம் ஓடியது. பிழை பட்டால் வட்டம், படாவிட்டால் சரி. மூன்று மணி நேரத்தில் மிச்சத்தை முடித்தேன்.

சிரிக்க ஒன்று சொல்கிறேன். இரண்டாம் பிரிவில் மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண். வாயைத் திறக்காது, ஆனால் நோட்டில் நிறுத்தவே நிறுத்தாது. ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரே வாக்கியம், நடுவில் கமா கமாவாகப் போய்க்கொண்டே இருக்கும். நான்தான் ஒருநாள் 'கமா' என்று கூப்பிட்டேன். வகுப்பே சிரித்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தக் கமாவுக்குச் சொல்வதெழுதுதல் வைத்தால் வேடிக்கைதான். 'மாலை நேரத்தில் மலர்கள் பூத்தன' என்றால் அது எழுதுகிறது, 'பாலை நேரத்தில் பலர்கள் பூத்தன'. 'மதிலருகே நின்றான்' என்றால் 'பதிலருகே நின்றான்'. 'பூவின் மணம்', அதற்குப் 'பூவின் பணம்'. ஆசிரியர் அறையில் வாசித்துக் காட்டினேன். விளையாட்டு ஆசிரியருக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. கணக்கு டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. புதிதாக வந்த சின்னப் பெண், இன்னும் பழகவில்லை போலிருக்கிறது.

உடம்பைக் கவனித்துக்கொள். பதில் எழுத நேரமிருந்தால் எழுது. இல்லாவிட்டால் அம்மாவிடம் போனில் 'வந்தது' என்று ஒரு வார்த்தை சொல், போதும்.

ஆசிகளுடன்,
அப்பா


சனி, மாலை

அன்பு மகளுக்கு,

'வந்தது' என்று அம்மாவிடம் சொன்னாயாம். சொன்னதை அவள் மூன்று தடவை என்னிடம் சொன்னாள். சந்தோஷம்.

குழாய்க்காரர் வந்தார். ஒழுகுவது நின்றது, தண்ணீர் வருவதும் நின்றது. குளியலறையிலிருந்து வாளியில் சுமந்து சமையல் நடக்கிறது. சுமப்பது நான்தான், முழங்கால்காரியை விடவில்லை. அறுவைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. நீ போனில் ஒரு வார்த்தை அழுத்திச் சொன்னால் கேட்பாள். என் பேச்சு இந்த வீட்டில் வானிலை அறிக்கை மாதிரி. கேட்பார்கள், குடை எடுக்க மாட்டார்கள்.

பள்ளியில் இது சலித்தெடுக்கிற பருவம். அடுத்த வருஷம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. தேறமாட்டார்கள் என்று தோன்றுகிற பிள்ளைகளை இப்போதே பிரித்து, ஊருக்கு மறுகோடியில் தையல், தச்சு என்று கற்றுத்தரும் தொழிற்பிரிவுக்கு அனுப்பிவிடுவது எங்கள் வழக்கம். தேர்ச்சி விகிதம் குறையாமல் இருக்க வேண்டுமல்லவா? அதற்கு மொழி ஆசிரியரின் பரிந்துரை வேண்டும். நான் ஆறு பேருக்கு எழுதிக் கொடுத்தேன். அதில் ஒன்று கமா.

நான் கல்நெஞ்சன் என்று நினைக்காதே. சொல்வதெழுதுதலில் நாற்பதுக்கு ஐந்து. கூப்பிட்டால் திரும்பாது. ஒன்று கேட்டால் இன்னொன்றுக்குப் பதில். 'கவனக்குறைவு மிகுதி, எழுத்துத் திறன் போதாது' என்று படிவத்தில் எழுதினேன். இதற்கு மேல் என்ன எழுத? கணக்கு டீச்சர் மட்டும் வந்து, "சார், என் பாடத்துல அவ ஒழுங்காத்தான் செய்யறா, இன்னொரு தடவை பாருங்களேன்" என்றாள். கணக்கில் போடுவது எண், மொழியில் எழுதுவது எழுத்து, இரண்டும் வேறும்மா என்றேன். அவள் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். எனக்கு மேலே பேச அலுப்பாக இருந்தது. அன்றைக்கு மட்டும் எண்பது நோட்டு பாக்கி.

அந்தப் பெண்ணின் தாயைத் தலைமை ஆசிரியை வரச் சொன்னார். ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். மருத்துவமனைத் துணி, விடுதித் துணி எல்லாம் அங்கேதான் வெளுக்கிறார்களாம். ஆவியில் வெந்து வெந்து கைவிரலெல்லாம் தோல் உரிந்திருந்தது. கணவன் இல்லை, தாயும் மகளும்தான். அந்த அம்மாள் பேசினால் அறையே அதிர்கிறது. தலைமை ஆசிரியை இரண்டு முறை, "மெதுவா பேசுங்கம்மா, இது ஸ்கூல்" என்று சொல்ல வேண்டியிருந்தது. மகளோ எங்கள் யாரையும் பார்க்காமல் தாயின் முகத்தையே வெறித்துக்கொண்டு நின்றது. நான் பேசும்போது மட்டும் என் முகத்தைப் பார்த்தது. திமிராகத்தான் எனக்குப் பட்டது.

தாய் சண்டை போடவில்லை. "தையல்தான் கத்துக்கணும்னா அவ்வளவு தூரம் எதுக்கு? என் கூடவே வந்து துணி மடிக்கட்டும்" என்றாள். இரண்டு நாளில் பெயரை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் பெஞ்சில் அவள் இடம் காலியாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மட்டும் ஒரு வாரமாக என்னை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

எனக்கு ஒன்றும் குற்ற உணர்வு இல்லை. முப்பத்து மூன்று வருஷத்தில் இப்படி எத்தனையோ. ஆனால் உனக்கு எழுதும்போது இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று தெரியவில்லை. களைத்துவிட்டேன், அவ்வளவுதான். நல்லபடியாக இரு.

ஆசிகளுடன்,
அப்பா


ஞாயிறு, காலை

என் அன்பு மகளுக்கு,

ஆறு வாரம் எழுதவில்லை. அம்மாவிடம் நீ, "அப்பா ஏன் நிறுத்திட்டார்?" என்று கேட்டதாகச் சொன்னாள். நீ கேட்டதே எனக்குப் பெரிய விஷயம். நிறுத்தவில்லை. எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன், பல தடவை.

போன கடிதங்களில் ஒரு பெண்ணைப் பற்றிக் கேலியாக எழுதியிருந்தேனே, அவளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுத்துக்கொள்.

பள்ளிக்கு ஆய்வு வருகிறது என்று, எல்லா நோட்டுகளையும் அடுக்கி வைக்கச் சொன்னார்கள். பெயர் எடுக்கப்பட்ட பிள்ளைகளின் நோட்டுகளைத் தனியாகக் கட்டி எழுத்தரிடம் கொடுக்க வேண்டும். அவளுடைய நோட்டு அலமாரியின் அடியில் கிடந்தது. திருத்தம் சரியாகப் போட்டிருக்கிறேனா என்று பார்க்கத்தான் பிரித்தேன். எனக்குப் பிடித்த இடம். பத்துக்கு நான்கு. ஓரத்தில் என் கையெழுத்தில், 'நிறுத்தற்குறி கவனம்'. பதினான்கு இடத்தில் அவளுடைய கமாவை வட்டமிட்டு முற்றுப்புள்ளி வைத்திருந்தேன். அவள் எழுதியிருந்ததை இங்கே அப்படியே எடுத்தெழுதுகிறேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

'எனக்குப் பிடித்த இடம் அம்மா வேலை பார்க்கும் சலவைக்கூடம், அங்கே ஆறு பெரிய இயந்திரங்கள் ஓடும், அவை ஓடும்போது யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது, அதனால் எல்லாரும் வாயையும் கையையும் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள், அங்கே எல்லாரும் என்னைப் போல, வகுப்பில்தான் நான் மட்டும் இப்படி, ஐந்தாம் வகுப்பில் காய்ச்சல் வந்த பிறகு காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது, சொன்னால் தூரத்தில் இருக்கிற வேறு பள்ளியில் விட்டு விடுதியில் சேர்த்துவிடுவார்கள், எங்கள் தெருவில் ஒரு அக்காவை அப்படித்தான் அனுப்பினார்கள், அம்மா தனியாக இருக்க மாட்டாள், அதனால் யாரிடமும் சொல்லவில்லை, ஐயா ஒருவர்தான் படிப்பேன் என்று எழுதிப் போட்டதால் எழுதுகிறேன், ஐயா நடந்துகொண்டே சொல்லும்போது பாதி வார்த்தை சுவரைப் பார்த்துப் போய்விடுகிறது, ஐயா ஒரே இடத்தில் நின்று சொன்னால் நான் எழுதிவிடுவேன்,'

கடைசியிலும் ஒரு கமாதான். அதையும் வட்டமிட்டு, நல்ல அழுத்தமாக ஒரு புள்ளி வைத்திருந்தேன்.

நான் அலமாரிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுத்தர் வந்து, "சார், தலை சுத்துதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பிறகு சொல்வதெழுதுதல் பக்கங்களைப் புரட்டினேன். ம வரவேண்டிய இடத்தில் ப. ப வரவேண்டிய இடத்தில் ம. அத்தனையும் அதே ஒரு பிழை. கட்டுரையிலோ அந்தப் பிழை ஓரிடத்தில்கூட இல்லை. அவளுக்கு மலர் தெரியும், மாலை தெரியும், மதில் தெரியும். நான் சொல்லி எழுதும்போதுதான் தெரியாமல் போகிறது. மகளே, கண்ணாடி முன்னால் நின்று 'மலர்' என்று சொல்லிப் பார், 'பலர்' என்று சொல்லிப் பார். சத்தம் இல்லாமல் சொல். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். மொழியில் பட்டம் வாங்கிய எனக்கு அது அறுபது வயதை நெருங்கும்போதுதான் தெரிந்தது. அந்தப் பிள்ளை வருஷம் முழுக்க என் வாயைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாள். நான் அதைத் தேநீரோடு வாசித்துக் காட்டிச் சிரித்திருக்கிறேன்.

கணக்கு டீச்சரிடம் நோட்டைக் காட்டினேன். படித்துவிட்டு, "எனக்கும் நிச்சயமாத் தெரியல சார். நான் போர்டுல எழுதிட்டு நின்னுதான் சொல்லுவேன், அப்ப சரியா வருது. நீங்க சொல்லறப்ப மட்டும் ஏன் வரலைன்னு யோசிச்சேன். அன்னைக்கு அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றாள். சொல்ல வந்தவளை நான்தான் எண்ணையும் எழுத்தையும் சொல்லி அனுப்பியிருந்தேன்.

அடுத்த நாள் விடுப்பு போட்டுவிட்டுச் சலவைக்கூடத்துக்குப் போனேன். உள்ளே காலெடுத்து வைத்ததும் தரை அதிர்வது செருப்பு வழியாக ஏறுகிறது. வெள்ளைத் துணி மலைமலையாகக் குவிந்திருக்க, இருபது பெண்கள் ஒரு சொல்லும் காதில் விழாமல் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். கோடியில் அவள், ஒரு படுக்கை விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்ற ஒருத்தியிடம் ஏதோ வாயசைத்தாள். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். என் வகுப்பில் அவள் யாரையும் சிரிக்க வைத்து நான் பார்த்ததில்லை. அவளை வைத்துத்தான் மற்றவர்கள் சிரித்தார்கள்.

என்னைப் பார்த்ததும் முகம் மூடிக்கொண்டது. நான் பேசினேன். என்ன பேசினேன் என்று எனக்கே கேட்கவில்லை. வழியில் யோசித்து வைத்த வார்த்தை ஒன்றும் அங்கே உதவவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதிக் கொடுத்தேன்: 'உன் கட்டுரையை அன்று படிக்காமலே திருத்திவிட்டேன். நேற்றுத்தான் படித்தேன்.' அவள் வாசித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு என் பேனாவை வாங்கி, அதற்குக் கீழேயே எழுதினாள்: 'நாலு மார்க் போட்டிருந்தீங்களே.' பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விரிப்பை மடிக்கப் போய்விட்டாள்.

தாய் வெளியே வந்து பேசினாள். "காது கொஞ்சம் மந்தம்னு தெரியும் சார். அழுக்கா இருக்கும்னு எண்ணெய் விட்டேன். நான் இங்க கத்திப் பேசியே பழக்கம், அவளும் பதில் சொல்லிடுவா. இவ்வளவு போயிருக்கும்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லி, தோல் உரிந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னாள். "தப்பா எடுத்துக்காதீங்க. சாரோட மீசை வாயை மூடுதாம். மத்த டீச்சருங்க சொல்லறது தெரியுமாம், உங்களது மட்டும் பாதிதான் தெரியுமாம். வீட்ல வந்து சொல்லுவா, நான்தான் திட்டுவேன், வாத்தியாரைக் கேலி பண்ணாதடின்னு."

அன்று வீட்டுக்கு வந்ததும் மீசையை எடுத்துவிட்டேன். நான் குளியலறையிலிருந்து வெளியே வந்ததும் அம்மா ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பார், அப்படி ஒரு சிரிப்பு. "கல்யாணம் ஆனதிலேர்ந்து எடுங்கன்னு சொல்லிட்டிருக்கேன், இன்னைக்கு எவ சொல்லி எடுத்தீங்க?" என்றாள். உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

தலைமை ஆசிரியை நல்லவர்தான், ஆனால் படிவத்துக்குப் பயப்படுகிறவர். "போகப்போற நேரத்துல எதுக்கு சார் உங்க பதிவேட்டுல கறை? புதிய மருத்துவத் தகவல் கிடைத்துள்ளதுன்னு ஒரு வரி எழுதுங்க, நான் சேர்த்துக்கறேன்" என்றார். சுலபமான வழி. எனக்கும் கை அதற்குத்தான் போனது. வருஷா வருஷம் விண்ணப்பக் கடிதம் எழுதுவது எப்படி என்று நடத்துகிறவன் நான். ஒரு மூன்று வரிக்கு நாலு தாள் கிழித்தேன். கடைசியில் எழுதிக் கொடுத்தது இதுதான்: 'இம்மாணவி தன் குறையைக் கட்டுரையில் எழுதி என்னிடம் தெரிவித்திருந்தார். நான் அதைப் படிக்காமல் மதிப்பெண் இட்டேன். என் பரிந்துரை தவறானது, அவரை மீண்டும் அதே வகுப்பில் சேர்க்க வேண்டுகிறேன்.' தலைமை ஆசிரியை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அவளைத் திரும்ப வரவைத்தது நான் என்று நினைத்துவிடாதே. என் பேச்சுக்கு அவள் வரவில்லை. மூன்றாம் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தினமும் பள்ளி விட்டதும் சலவைக்கூடத்துக்குப் போய், அன்றைய பாடத்தை அவளுக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். யாரும் சொல்லாமல், முதல் நாளிலிருந்தே. கணக்கு டீச்சர் காது மருத்துவரிடம் கூட்டிப்போனாள். வலது காது ஏறக்குறைய போய்விட்டது, இடது பாதி இருக்கிறது, கருவி வைத்தால் சமாளிக்கலாம் என்றார்களாம். வேறு பள்ளிக்கு அனுப்ப வேண்டியதில்லை என்று அவரே எழுதிக் கொடுத்தார். இடது காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒரு திங்கட்கிழமை வந்து, முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

இதோடு எல்லாம் சுபம் என்று முடித்திருக்கலாம். அவள் உள்ளே நுழைந்ததும் பின் வரிசையில் யாரோ, "கமா வந்துட்டா!" என்று கூவினார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள். யார் கமா என்று பக்கத்துப் பெண்ணிடம் கேட்டாள். ஒரு வருஷமாக வகுப்பே அவளை அப்படிக் கூப்பிட்டிருக்கிறது, அவளுக்கு அது ஒரு தடவைகூடக் காதில் விழுந்ததில்லை. காது வந்த முதல் நாள் வகுப்பில் அவள் கேட்ட முதல் சொல் நான் வைத்த பெயர்.

மணி அடித்ததும் என் மேஜை முன்னால் வந்து நின்றாள். குரல் தாயைப் போலக் கொஞ்சம் உரக்க இருந்தது. "நீங்கதான் வச்சீங்களா, சார்?" ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் அதற்கு நிற்கவில்லை. "என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். திரும்பிப் பார்க்கிறாள். சிரிப்பதில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் கூடாது.

இப்போது வகுப்பில் ஒரே இடத்தில் நின்றுதான் பேசுகிறேன். கால் வலிக்கிறது. வாரம் ஒரு பிரிவுக்குத்தான் கட்டுரை, மற்ற இரண்டு பிரிவும் காத்திருக்கட்டும் என்று முறையை மாற்றிவிட்டேன். முழுதாகப் படிக்கிறேன். இன்னும் முக்கால்வாசி நூலகம்தான். ஆனால் போன வாரம் ஒருத்தி தன் வீட்டு மாடிப்படியின் நான்காவது படியைப் பற்றி எழுதியிருந்தாள். இன்னொருத்தன் எழுத ஒன்றுமில்லை என்று ஒரு பக்கம் எழுதியிருந்தான். அதிலும் இரண்டு வரி உண்மையாக இருந்தது.

மகளே, இவ்வளவையும் உனக்கு எழுதியதற்குக் காரணம் வேறு. அதைச் சொல்லத்தான் ஆறு வாரம் ஆயிற்று.

நீ படிக்கப் போன முதல் வருஷத்தில் எனக்கு ஒரு கடிதம் எழுதினாய். நாலு பக்கம், நீல மை. அதை நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். சிவப்பு மையால் திருத்தி, 'ஒற்றுப்பிழை பதினொன்று, ர-ற பேதம் மூன்று, ஆசிரியர் மகளுக்கு அழகல்ல' என்று அடியில் எழுதி, அதே உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினேன். அன்றைக்கு அதை ஒரு வேடிக்கை என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகு நீ எனக்கு எழுதவில்லை.

மூன்று மாதம் கழித்து, நீ படிப்பை விட்டுவிட்டாய் என்று விடுதியிலிருந்து தகவல் வந்து ஓடி வந்தேன். "ஒரு வார்த்தை சொன்னியா என்கிட்ட?" என்று வாசலில் நின்று கத்தினேன். நீ பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "சொன்னேனேப்பா" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். நான் அதைப் பொய் என்று எடுத்துக்கொண்டேன். ஏழு வருஷமாக, என் மகள் மறைத்தாள், அதோடு பொய்யும் சொன்னாள் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். முதல் கடிதத்தில் உனக்கேகூட 'மறைத்தாய்' என்றுதான் எழுதினேன், பார்.

அந்தச் சலவைக்கூடத்திலிருந்து திரும்பி வரும்போது பேருந்தில் உன் குரல் காதில் விழுந்தது. சொன்னேனேப்பா. வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். எத்தனை நாளாகவோ பார்க்கிறேன். ஒற்றுப்பிழை பதினொன்று என்பது ஞாபகம் இருக்கிறது. 'வருத்தம்' என்பதை நீ எந்த ர போட்டு எழுதியிருந்தாய் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. எதற்கு வருத்தம் என்று எழுதியிருந்தாய் என்பது தெரியவில்லை, மகளே. ஒரு வரிகூடத் தெரியவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். "அது உங்களுக்கு வந்தது, உங்ககிட்டதான் இருந்தது" என்றாள். அவளை நான் படிக்கக்கூட விடவில்லையாம், திருத்தி முடித்துத் தருகிறேன் என்றேனாம்.

நீ எப்படியோ உன் காலில் நின்றுவிட்டாய். நல்ல வேலையில், நாலு பேர் மதிக்க இருக்கிறாய். அதில் என் பங்கு ஒன்றுமில்லை என்று இப்போது தெரிகிறது. நான் பெருமைப்பட வரவில்லை, மன்னிப்பு வாங்கவும் வரவில்லை. அந்தக் கடிதம் உன்னிடம் இருந்தால் அனுப்பிவை. கிழித்துப் போட்டிருந்தால், அதுதான் நியாயம். அப்படியானால், பத்தொன்பது வயதில் உனக்கு அங்கே என்ன நடந்தது என்று, முடிந்தபோது, முடிந்த அளவு சொல். போனில் என்றாலும் சரி. அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓட மாட்டேன்.

எங்கே இருந்தாலும் உனக்கு எல்லாம் நல்லதாக நடக்க வேண்டும். நீ சொல்லுகிறவரை நான் காத்திருக்கிறேன், கையில் பேனா இல்லாமல்.

உன்
அப்பா